அலங்காரக் காட்டுப்பூண்டு: வளர்ப்பவர்களும் சாப்பிட நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

ஊதாப் பூப் பூக்கும் இந்தச் செடியைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். தூர் பெருத்த போதெல்லாம் பிரித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். சாப்பிடுவது பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களும் கடைசி இரண்டு கேள்விகளைப் படிக்காமல் போய்விட வேண்டாம்.

காட்டுப்பூண்டு என்று சொல்கிறீர்களே, அது எந்தச் செடி?

இந்தப் பக்கம் பேசுவது துல்பாகியா வயலேசியா என்ற செடியைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு நட்டால் பகுதிகள் இதன் தாயகம். ஒடுங்கிய, சாம்பல் பூசிய பச்சை இலைகள் புல் போலக் குத்தாக வளரும். நடுவிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பி, அதன் நுனியில் நட்சத்திர வடிவில் ஊதாப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். ஆங்கிலப் பெயர் சொசைட்டி கார்லிக். கேப் பகுதியில் 1751 முதல் 1771 வரை டச்சு ஆளுநராக இருந்த ரெய்க் துல்பாக்கின் பெயரைத்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்தார்.

காட்டுப்பூண்டு என்ற பெயரை வேறு செடிகளுக்கும் சொல்கிறார்கள். ஐரோப்பியக் காடுகளில் அகன்ற இலையும் வெள்ளைப் பூவுமாக வளரும் அல்லியம் அர்சினமும் காட்டுப்பூண்டுதான். அதற்கு எழுதிய சமையல் குறிப்பைப் படித்துவிட்டு, பிடி பிடியாக இந்த இலையைப் பறித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். செடி வாங்கும்போது தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணுக்குள் பூண்டு மாதிரி பல் பல்லாக இருக்குமா?

இருக்காது. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தால், சற்றே தடித்த அடிப்பகுதியும் அதிலிருந்து இறங்கும் சதைப்பிடிப்பான வெளிர் நிற வேர்களும்தான் தெரியும். அந்த வேர்களில் சேர்த்து வைத்த நீர்தான் வறட்சியில் செடியைக் காப்பாற்றுகிறது. நமக்குச் சமையலுக்கு ஆவது இலையும் பூவும். பூண்டுப் பல் வேண்டுமானால் பூண்டையே நட வேண்டும்.

வெயிலில் வைப்பதா, நிழலில் வைப்பதா? தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

வெயில்தான். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் படும் இடமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். அரை நிழலிலும் செத்துப்போகாது. இலை மட்டும் நீண்டு துவண்டு கிடக்கும், பூ குறையும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். என்னிடம் வாங்கிச் சென்ற செடிகளில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தவை மிகக் குறைவு. அக்கறையோடு தினமும் ஊற்றி அழுக விட்டவைதான் அதிகம். அடி இலைகள் மஞ்சளாகி, இழுத்தால் வழுவழுவென்று கையோடு வந்துவிட்டால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தொட்டியிலேயே வைத்திருக்கலாமா? குளிர் தாங்குமா?

தாராளமாக வைக்கலாம். 25 சென்டிமீட்டர் வாயுள்ள, அடியில் நல்ல ஓட்டைகள் உள்ள தொட்டி ஒரு தூருக்குப் போதும். தோட்ட மண், மட்கிய உரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் தண்ணீர் தேங்காது. தரையில் நட்டால் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடுங்கள்.

இலேசான உறைபனியைத் தாங்கும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஐந்து, ஆறு பாகை இறங்கினால் இலை கருகும். ஆனாலும் நீர் தேங்காத மண்ணாக இருந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதைவிடக் கடுமையான குளிர் உள்ள இடங்களில் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் வெளிச்சமுள்ள உள்ளறைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இலை புதராக வளர்கிறது. பூ மட்டும் வரவே இல்லை. ஏன்?

முதலில் வெயிலைப் பாருங்கள். அதில் குறை இல்லையென்றால் உரத்தைப் பாருங்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். இந்தச் செடிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கை மட்கிய உரம் போதும். பிரித்து நட்ட புதிதில் ஒரு பருவம் பூக்காமல் இருப்பதும் இயல்பு.

நான்கைந்து ஆண்டுகளாகப் பிரிக்காமல் விட்ட தூரும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தொட்டியின் பக்கம் பிதுங்கி நின்றாலோ, ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலேயே நின்றாலோ பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விதை போடுவது நல்லதா, தூர் பிரிப்பது நல்லதா?

தூர் பிரிப்பதைத்தான் நான் சொல்வேன். விதையும் முளைக்கும். காய் வெடித்ததும் கருப்பாக, தட்டையாக இருக்கும் விதைகளை எடுத்து உடனே தூவினால் இரண்டு மூன்று வாரத்தில் புல் போல எழும்பும். ஆனால் பூவைப் பார்க்க இரண்டு ஆண்டுகள்கூடக் காத்திருக்க நேரலாம். பக்கத்தில் வேறு துல்பாகியா வகைகள் இருந்தால் கலப்பாகவும் ஆகிவிடும். தாய்ச்செடி போலவே கன்றும் வேண்டுமென்றால் தூர் பிரிப்பதுதான் வழி.

முதல் நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் காலையில் தொட்டியைச் சாய்த்துப் பக்கங்களைத் தட்டினால் மண் கட்டியாக வெளியே வரும். வேர்கள் ஒன்றையொன்று பின்னி, தொட்டியின் உருவத்திலேயே நிற்கும். மண்ணை உதிர்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் நடுவில் விட்டுப் பிரித்தால் பாதி இடம் தானாகவே விட்டுக்கொடுக்கும். விடாத இடத்தில் கத்தியால் ஒரே வெட்டு. சதைப்பிடிப்பான வேர்கள் ஒடிந்தால் மனம் பதறும். கவலை வேண்டாம், ஒவ்வொரு துண்டிலும் நான்கைந்து குருத்தும் கொஞ்சம் வேரும் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, முன்பு இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். அன்று முழுவதும் உங்கள் கையில் பூண்டு நெடி அடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

பூச்சி வருமா?

குறைவு. பூந்தண்டின் இளநுனியில் சில சமயம் அசுவினி மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும். சாப்பிடப் போகும் செடி என்பதால் மருந்து அடிக்காதீர்கள்.

இதை வைத்தால் வீட்டுப் பக்கம் பாம்பு வராதாமே?

தென்னாப்பிரிக்காவில் சுலு மக்கள் அந்த நம்பிக்கையோடுதான் வீட்டைச் சுற்றி இதை நடுகிறார்கள். தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதை மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் செடியை நட்டுவிட்டோம் என்று இரவில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள். பாம்புக்கு ஒளிய இடம் தரும் குப்பையையும் கற்குவியலையும் அகற்றுவதும், எலி சேராமல் பார்த்துக்கொள்வதும்தான் நம்பத் தகுந்த தற்காப்பு.

உண்மையிலேயே சாப்பிடலாமா? எந்தப் பாகத்தை?

சாப்பிடலாம். சுலு மக்கள் இலையையும் பூவையும் கீரை போலவும், இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் காரமான மணப்பொருளாகவும் பயன்படுத்துகிறார்கள். நாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்றுமில்லை.

இளம் இலையும் அன்று விரிந்த பூவும்தான் சமையலுக்கு ஏற்றவை. முதிர்ந்த இலையில் நார் கூடும். பூக்கொத்தை முழுதாகப் போடாமல் ஒவ்வொரு பூவாகக் காம்போடு கிள்ளிப் போடுங்கள். முதலில் ஓர் இனிப்பு, அதன் பின்னாலேயே மிளகு போன்ற காரம், கடைசியில் பூண்டு என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வரும். இலையைவிடப் பூதான் ருசி என்பது என் கட்சி. அடிக்கிழங்கையும் சிலர் உண்கிறார்கள். அதற்காகச் செடியையே பிடுங்க வேண்டும் என்பதால் நான் தொடுவதில்லை.

நர்சரியில் வாங்கி வந்தேன். இன்றைக்கே இலையை வெட்டிச் சமைக்கலாமா?

கூடவே கூடாது. அலங்காரச் செடியாக விற்கப்படுவதை யாரும் சாப்பிடுவார்கள் என்று நினைத்து வளர்ப்பதில்லை. செடிக்குள்ளேயே ஊடுருவிப் பரவும் பூச்சிமருந்து கொடுத்திருக்கக்கூடும். அது இலைக்குள்ளும் பூவுக்குள்ளும் இருப்பதால் எத்தனை முறை அலசினாலும் போகாது. மண்ணிலும் பல மாதங்கள் தங்கும்.

வாங்கி வந்ததும் பழைய மண்ணை உதிர்த்து, வேரை அலசி, புதுக் கலவையில் நடுவது என் வழக்கம். இருந்த இலைகளை அடியோடு வெட்டி எறிந்துவிடுவேன். ஓர் ஆண்டு கழித்து வரும் இலையைத்தான் சமையலுக்கு எடுப்பேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள், மருந்தடிக்காத வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு தூர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது தூக்கலாக இருந்த வாசனை, வேகவைத்ததும் காணாமல் போய்விட்டது. என்ன தவறு செய்தேன்?

அடுப்பில் ஏற்றும் நேரத்தில்தான் தவறு. முழு இலைக்குள் அந்த நெடி கிடையாது. மராஸ்மின் என்ற கந்தகச் சேர்மமும் அதை உடைக்கும் நொதியும் இலையில் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டோ, நசுங்கியோ செல்கள் உடையும்போது இரண்டும் சேர்ந்து நெடி பிறக்கிறது. பூண்டிலும் இதே கதைதான், அங்கே அந்தச் சேர்மத்தின் பெயர் அல்லியின். சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும்.

எனவே பொடியாக நறுக்கிச் சில நிமிடங்கள் பலகையிலேயே விட்டுவையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். முட்டைப் பொரியல், வேகவைத்த உருளைக்கிழங்கு, சூப், வெண்ணெய், கெட்டித் தயிர் எல்லாவற்றோடும் சேரும். பூவை எப்போதும் பச்சையாகவே தூவுங்கள், சூட்டில் நிறமும் போய்விடும்.

சாப்பிட்டால் வாய் நாறாது என்பதால்தான் சொசைட்டி கார்லிக் என்ற ஆங்கிலப் பெயராமே?

நாலு பேர் கூடும் இடத்துக்கு இதைத் தின்றுவிட்டுப் போனாலும் மூச்சில் நாறாது, அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. பச்சையாக நான்கு இலை தின்றால் மூச்சில் தெரியத்தான் செய்கிறது. பூ இரண்டு மூன்று தின்றால் தெரிவதில்லை. செடியின் நெடியும் அப்படித்தான். இலையில் கை, கால் படாதவரை சும்மா இருக்கும், உரசினால் கிளம்பும். படுக்கையறை ஜன்னலுக்கு அடியிலும், ஒடுக்கமான நடைபாதை ஓரத்திலும் நடாதீர்கள்.

எண்ணெயில் ஊறப்போட்டு வைத்தால் மாதக்கணக்கில் வருமா?

இதைச் செய்யாதீர்கள். மண்ணில் விளையும் எதிலும் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அது நரம்பை முடக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சை இலை அதற்குத் தோதான இடம். கெட்டுப்போன வாசனையோ நிறமாற்றமோ இல்லாமலே நஞ்சு ஏறியிருக்கும் என்பதுதான் இதில் பயங்கரம். பூண்டை எண்ணெயில் போட்டு வைப்பதற்கும் இதே எச்சரிக்கை உண்டு. எண்ணெயில் கலந்தே ஆக வேண்டுமென்றால் சிறிதளவு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

நீண்ட நாள் வேண்டுமென்றால் நறுக்கி உறைய வையுங்கள். உலர்த்தினால் பெரும்பாலும் வெறும் வைக்கோல்தான் மிஞ்சும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றார்களே?

மேலே தூவும் அளவுக்கு, அதாவது ஆளுக்கு மூன்று நான்கு இலை, ஐந்தாறு பூ. நான் அதற்கு மேல் போவதில்லை. தென்னாப்பிரிக்க நாட்டு மருத்துவத்தில் காய்ச்சல், சளி, ஆஸ்துமா, வயிற்றுக் கோளாறு என்று பலவற்றுக்கும் இந்தச் செடியைக் கொடுக்கிறார்கள். அதே மரபிலிருந்துதான் அளவு மீறினால் வயிற்றுவலியும் குடல் அழற்சியும் வரும் என்ற குறிப்பும் கிடைக்கிறது. இரத்த அழுத்தம் பற்றி ஆய்வுக்கூடச் சோதனைகள் நடந்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். பூண்டோ வெங்காயமோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதே பேச்சுதான்.

வீட்டில் பூனை இருக்கிறது. வளர்க்கலாமா?

எட்டாத உயரத்தில் தொங்கும் தொட்டியில் வளருங்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனைக்குச் சிறிய அளவே போதும். இந்தச் செடியும் அதே குடும்பம், இதிலும் கந்தகச் சேர்மங்கள்தான். மென்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரத்தசோகையின் அறிகுறிகள் சில நாட்கள் கழித்தும் தெரியலாம்.

இலையில் வெள்ளைக் கோடு போட்ட வகை இருக்கிறதே, அதுவும் சாப்பிடக் கூடியதுதானா?

இலை ஓரத்தில் வெண்கோடு ஓடும் ‘சில்வர் லேஸ்’ இதே இனத்தின் வகைதான், சாப்பிடலாம். வெண்பூ வகையும் அப்படியே. இனிய மணமுள்ள பூக்களும் அகன்ற இலையும் கொண்ட துல்பாகியா சிம்லரி வேறு இனம். அதை நான் பூவுக்காக மட்டும் வளர்க்கிறேன்.

பூண்டு வாசனை அடித்தால் அது சாப்பிடக் கூடிய செடி என்று வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். வைத்துக்கொள்ளக் கூடாது. தூர் பிரித்த அன்று முழுவதும் கையில் நெடி நிற்கும் என்று மேலே சொன்னேன். நெடி ஏறிய அந்த விரல்களால் அடுத்து எந்த இலையைக் கசக்கி மோந்தாலும் பூண்டு வாசனைதான் அடிக்கும். கசக்கிய இலையிலிருந்து வருகிறதா, விரலிலிருந்து வருகிறதா என்று மூக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் காட்டுப்பூண்டு பறிக்கப் போனவர்கள் கோல்சிகம் என்ற நச்சுச் செடியின் இலையைச் சேர்த்துப் பறித்து, தின்று இறந்திருக்கிறார்கள். நம் செங்காந்தள் கிழங்கில் உள்ள அதே கோல்சிசின் நஞ்சுதான் அதிலும். லில்லி ஆஃப் தி வேலி என்ற செடியின் இலையும் இப்படிக் கலந்துவிடுவது உண்டு, அது இதயத்தைத் தாக்கும். நம் துல்பாகியாவோடு குழம்புவதற்கு ரெயின் லில்லி, அகபாந்தஸ் போன்ற தோட்டச் செடிகள் இருக்கின்றன. பூ இல்லாத நாட்களில் இளஞ்செடிகளைப் பிரித்தறிவது எளிதல்ல.

வாசனை இல்லாத இலையைத் தள்ளிவிடுவதற்கு மூக்கு உதவும். இருக்கும் இலையை ஏற்பதற்கு அது மட்டும் போதாது. பூவைப் பார்த்திருக்க வேண்டும், நட்டது யார் என்று தெரிந்திருக்க வேண்டும். வழியோரத்தில் தானாக முளைத்திருப்பதைப் பறிக்கவே வேண்டாம்.

ஒரே தொட்டியில் ரெயின் லில்லியும் கலந்து முளைத்துவிட்டது. வாசனை உள்ள இலையாகப் பார்த்துப் பறித்துக்கொண்டால் என்ன?

என்னிடம் தூர் வாங்கிச் சென்ற ஓர் அம்மா அப்படித்தான் பறித்தார். கிண்ணத்தில் இருந்ததைத் தட்டில் பரப்பிப் பார்த்தபோது, பத்து இலையில் மூன்று ரெயின் லில்லி. கூடவே கிடந்ததால் அவற்றிலும் பூண்டு வாசனை ஏறியிருந்தது. நல்லவேளை, சமைக்கும் முன் பார்த்தோம். ரெயின் லில்லியில் உள்ள லைக்கோரின் கடும் வாந்தியை உண்டாக்கும், வேகவைத்தால் போய்விடும் என்று நம்பவும் முடியாது.

அந்தத் தொட்டியில் இலை பறிப்பதை நிறுத்திவிட்டு, மொத்தமாகக் கவிழ்த்து வேரை அலசுங்கள். ரெயின் லில்லிக்குச் சின்ன வெங்காயம் போல உருண்ட கிழங்கும், அதன் மேல் காகிதம் போன்ற பழுப்புத் தோலும் இருக்கும். துல்பாகியாவில் அப்படி உருண்ட வெங்காயம் தெரியாது, நீண்ட அடியும் சதைப்பிடிப்பான வேருமாக இருக்கும். பூத்தாலும் தெரிந்துவிடும்: ரெயின் லில்லியில் தண்டுக்கு ஒரே பூ, துல்பாகியாவில் ஒரு கொத்து. சந்தேகம் இல்லாத துண்டுகளை மட்டும் புதுத் தொட்டியில் நட்டு, பெயர்ச்சீட்டுக் குத்தி வையுங்கள். அவை பூத்து, ஊதாக் கொத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கத்தரியை எடுங்கள்.